பங்குனியில் வரும் என்று எழுதிக் கொடுத்தது

ஓர் ஓடைக் கரைக்குப் பட்டாம்பூச்சிகள் வருவது உண்மைதான் என்று அரசாங்கத்துக்குக் காட்டுவதற்காக வேலூரிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனேன். என் வயதில் மற்றவர்கள் காசிக்குப் போகிறார்கள், அல்லது பேரனைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகிறார்கள். எனக்கு வாய்த்தது இது.

வருவாய்த் துறையில் கடைநிலையில் நுழைந்து வட்டாட்சியராக வெளியே வந்தவன் நான். ஒரு மனு எந்த மேசையில் தூங்கும், எந்த மேசையில் எழுப்பினால் எழும் என்பது எனக்கு அத்துப்படி. ஓய்வுக்குப் பிறகு இந்த அறிவுக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை. குடும்ப அட்டையில் பெயர் திருத்த வேண்டுமென்றால் மட்டும் உறவினர்களுக்கு என் தொலைபேசி எண் நினைவுக்கு வரும்.

அப்படித்தான் சிக்கந்தருக்கும் நினைவு வந்தது. மதுரையில் கல்லூரி விடுதியில் எனக்கு அறைத்தோழன். உத்தமபாளையத்துக்காரன். விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் ஓடை. கோடை தொடங்கும்போது அதன் கரையில் கூட்டங்கூட்டமாகப் பட்டாம்பூச்சிகள் வந்து ஈரமணலில் உட்கார்ந்து உறிஞ்சும். மண்ணில் இருக்கும் உப்பு அவற்றுக்கு வேண்டும். வேலையில் இருந்த காலத்திலிருந்தே அதைப் பார்ப்பது அவன் வழக்கம். இப்போது அந்தக் கரையை இருபுறமும் சிமெண்டு பூசி, நடைபாதையும் படிக்கட்டும் விளக்கும் வைக்கப் போகிறார்களாம். தடுக்க வேண்டும் என்றான்.

"எப்போடா வரும் அந்தப் பூச்சி?" என்று கேட்டேன்.

"அது வர்றப்ப வரும்லே. மழையப் பொறுத்தது."

"வர்றப்ப வரும்னு மனுவுல எழுத முடியாது."

"ஒரு வருசம் மாசிக் கடைசியிலயே வந்துரும். ஒரு வருசம் சித்திரை பொறந்தும் வராது. ஒரு வருசம் கரை பூரா அப்பிக்கிட்டு இருக்கும். ஒரு வருசம் வெரல் விட்டு எண்ணிரலாம். நான் என்ன செய்ய?"

"ஏதாவது ஒரு மாசம் சொல்லு."

"பொதுவா பங்குனின்னு வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். மனுவைச் சிக்கந்தர் பெயரிலேயே தயாரித்தேன். "ஒவ்வோர் ஆண்டும் பங்குனி மாதத்தில் ஆயிரக்கணக்கான பட்டாம்பூச்சிகள் மேற்படி இடத்தில் கூடுவது வழக்கம்" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. மனு என்றால் அப்படி இருக்க வேண்டும். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். பங்குனி பாதியில் நேரில் வந்து பார்ப்பதாக அதிகாரிகள் பதில் போட்டார்கள். மனுவில் சொன்ன மாதத்திலேயே ஆய்வு நடப்பது இந்த மாநிலத்தில் எவ்வளவு அபூர்வம் என்று அந்தத் துறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தேனியில் இறங்கியபோது வெயில் எங்கள் ஊர் வெயிலைப் போலவே இருந்தது. ஒரு வித்தியாசம், எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. இங்கே பாறைக்குப் பின்னால் நீலமாக மலை நிற்கிறது, உள்ளே மழை வைத்திருப்பதைப் போன்ற பாவனையோடு.

கம்பம் பேருந்து சின்னமனூருக்கு முன்பாகவே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். ஆவி வந்தது. மூடினார். பேருந்து பழுதானால் பயணிகளை அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது நடத்துநரின் பொறுப்பு என்று நடத்துநரிடமே எடுத்துச் சொன்னேன். "ஐயா சொல்றது சரிதான். அடுத்த வண்டிய எங்கனருந்து கொண்டாரட்டும்?" என்று கேட்டார். விதியில் அதற்குப் பதில் இல்லை.

சாலையோரப் புளியமரத்தடியில் எல்லோரும் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு நடுவயதுக்காரரும் அவர் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மேக்க கறுத்துருக்கு பாரு."

"நேத்தும் இதேதான் சொன்னீக. கறுத்துச்சு, வெளுத்துச்சு. உங்க மீசை மாதிரி."

"நான் என்னத்தா செய்ய? மழைய நானா வச்சிருக்கேன்?"

"வச்சிருந்தாலும் குடுத்துருவீகளாக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். கோடை மழை இன்னும் விழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழையைப் பொறுத்தது என்று சிக்கந்தர் சொல்லியிருந்தான். அந்தப் பகுதியைத்தான் நான் மனுவில் சேர்க்கவில்லை.

உத்தமபாளையத்தில் சிக்கந்தர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் ஆட்டோவிலிருந்து இறங்கி எதிரே போய் நிற்கும் வரை வேறு யாரோ என்று நினைத்தானாம். இரண்டு கண்ணிலும் புரை. கைக்கெட்டும் தூரம் தெரிகிறது, அதற்கு மேல் பனி.

"ஏலே கலெக்டரு! தொப்பைய வச்சுத்தான்டா கண்டுபிடிச்சேன்."

நான் ஒருநாளும் கலெக்டராக இருந்ததில்லை. விடுதிக் காலத்தில் வைத்த பெயர்.

அவன் மனைவி ஆமினா இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தார். கொழுப்பைத் தொடக்கூடாது என்று எனக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த உத்தரவு வேலூர் எல்லைக்குள் மட்டும் செல்லும் என்று பொருள்கொண்டேன். எங்கள் பக்கம் பிரியாணியைப் பற்றிப் பெருமை பேசுவோம். பாயாவைப் பற்றிப் பேச இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்திருக்க வேண்டும்.

"அண்ணே, நீங்களாவது இவுகளுக்குச் சொல்லுங்க" என்றார் ஆமினா. "தையிலயே கண் ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாக. பூச்சி வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பண்ணிக்கிறேன்னு உக்காந்துருக்காக."

"ஆபரேசன் பண்ணிட்டா குனியக்கூடாது, தூசியில போகக்கூடாதுன்னுவாக. ஒரு சீசன் போயிரும்லே" என்றான் சிக்கந்தர்.

"பூச்சிக்கு இவுக கண்ணு. நான் ஒருத்தி எதிர்ல நிக்கிறது தெரியல."

எந்தெந்த ஆண்டில் எப்போது வந்தன என்று விசாரித்தேன். ஆமினாதான் சொன்னார். ஊரடங்கு போட்ட வருடம் சீக்கிரமே வந்துவிட்டன, போலீஸுக்குத் தெரியாமல் தோப்பு வழியாகப் போய்ப் பார்த்தார்களாம். மூத்த மகளுக்குப் பெண் பிறந்த வருடம் சித்திரை முடியும்போது வந்தன, அதுவும் கொஞ்சம்தான். தென்னை விழுந்து மாட்டுக் கொட்டகை நொறுங்கிய வருடம் வரவே இல்லை. போன வருடம் கால் வைக்க இடமில்லை.

"இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேன்லே. பேத்தி பொறந்த கதையெல்லாம் மனுவுல எழுத முடியாதுன்னு நீதான சொன்ன?"

சொல்லியிருந்தேன்தான்.

மறுநாள் காலை அவன் ஸ்கூட்டரை என்னை ஓட்டச் சொன்னான். பின்னால் உட்கார்ந்து வழி சொன்னான். கண் தெரியாத மனிதன் வழி சொல்ல, வழி தெரியாத மனிதன் ஓட்ட, ஒரு வாய்க்கால் பாலத்தில் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கி இருவரும் வரப்பில் சாய்ந்தோம். டிராக்டர்காரர் நின்று, "ஏன் பெரியாளுகளா, லைசென்ஸ் இருக்கா?" என்றார். எனக்கு இருந்தது. புதுப்பித்த தேதியோடு காட்டத் தயாராக இருந்தேன். அவர் போய்விட்டார்.

ஓடை வறண்டு கிடந்தது. வெள்ளை மணல், உருண்டைக் கற்கள், நடுவில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. கரையில் இரண்டு கொன்றை மரங்கள் இலையில்லாமல் நின்றன. சிக்கந்தர் ஒரு கிளையைக் கண்ணுக்கருகே இழுத்து நகத்தால் கீறினான்.

"உசுரு இருக்கு. ஒரு மழை விழுந்தாப் போதும். தளிர் விடும், தளிர்ல முட்டை வைக்கும், புழுவாகி, கூடு கட்டி, பெறகு றெக்கை. எல்லாம் அந்த ஒரு மழையில இருக்கு."

"நாளைக்கு ஆய்வு."

"நாளைக்குள்ள புழுவுக்கு றெக்கை முளைக்காதுலே."

"மேலே மலையில மழை பெய்திருந்தால்?"

"லேசா சாரல் விழுந்துச்சுன்னாக. ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்புல போற பொம்பளையாளுக சொன்னாக. பூச்சி மேல இருந்தா இருக்கும். ஆனா எதுக்குக் கீழ வரணும்? இங்கன என்ன ஈரமா இருக்கு?"

ஆய்வை ஒத்திவைக்கக் கேட்க முடியுமா என்று யோசித்தேன். முடியும். மனுதாரரே ஒத்திவைக்கக் கேட்டால், மனுதாரருக்கு அக்கறை இல்லை என்று குறிப்பெழுதி முடித்துவைப்பார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

ஆய்வுக்கு ஒரு துணை வட்டாட்சியர் வந்தார். இளம்பெண். கூடவே ஒரு வனக் காப்பாளரும் கரைவேலையின் ஒப்பந்தக்காரர் அனுப்பிய மேற்பார்வையாளரும். அந்தப் பெண் வெயிலில் ஓடையின் இரு கரையிலும் முழுக்க நடந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே அறிக்கை எழுதும் ஆட்களை எனக்குத் தெரியும். இவர் அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் ஆட்சேபம் தெரிவிக்க எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தார்.

"சார், பட்டாம்பூச்சி எந்த இடத்துல உக்காரும்?"

சிக்கந்தர் கையைக் காட்டினான். சூடேறிய மணல்.

"இந்த மாசம்தானே சார் வரும்னு எழுதியிருக்கீங்க?"

"மழை தள்ளிப்போச்சும்மா. வருசா வருசம் ஒண்ணுபோல இருக்காது" என்றான் சிக்கந்தர்.

அவர் மனுவைப் பிரித்து என் வாக்கியத்தைப் படித்தார். ஒவ்வோர் ஆண்டும். பங்குனி மாதத்தில். வழக்கம். என் நடையில் எங்கும் சந்து இல்லை. வெளியேறவும் சந்து இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பட்டாம்பூச்சி வந்தது. வெளிர் மஞ்சள், ஒரு பக்கச் சிறகில் பாதி இல்லை. எங்கள் எல்லோருக்கும் நடுவே நொண்டி நொண்டிப் பறந்து தோப்புப் பக்கம் போயிற்று. சிக்கந்தரைத் தவிர எல்லோரும் பார்த்தோம்.

"இது ஒண்ணுதானா?" என்றார் மேற்பார்வையாளர். வனக் காப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையைப் பார்த்தார்.

"என்னலே? என்ன வந்துச்சு?" என்று சிக்கந்தர் என் கையைப் பிடித்தான். சொன்னேன். "றெக்கை கிழிஞ்சிருந்துச்சா? அப்ப பழைய பூச்சி. தூரத்துலருந்து வந்தது" என்றான், ஏதோ நல்ல செய்தி கிடைத்த மாதிரி.

அந்தப் பெண் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். மனுவில் கூறப்பட்ட மாதத்தில் ஆய்வு செய்யப்பட்டது, ஒரு பட்டாம்பூச்சி காணப்பட்டது. பொய் ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து, "கொஞ்சம் பொதுவா எழுதியிருக்கலாம் சார்" என்றார். முப்பது வருடங்களாக இளநிலை உதவியாளர்களிடம் அதற்கு நேர்மாறாகச் சொல்லி வந்தவன் நான்.

அடுத்த நாள் ஊருக்குக் கிளம்ப வேண்டியவன் கிளம்பவில்லை. மேல்முறையீட்டுக்குப் புதிய ஆதாரம் வேண்டும். வேறு எங்காவது வந்திருக்கின்றனவா என்று பார்க்க இருவரும் ஷேர் ஆட்டோவில் ஓடைப்பட்டிப் பக்கம் போனோம். ஆட்டோவில் எங்களோடு ஏழு பேரும் ஒரு வாழைத்தாரும். வாழைத்தாருக்கு என்னைவிட வசதியான இடம்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் குளிர்ச்சியாக இருந்தது. கொத்துக் கொத்தாகக் காய் தொங்கியது. சிக்கந்தரிடம் படித்த ஒருவருடைய தோட்டம். ஒரு தட்டு நிறையப் பழம் கொண்டுவந்து, கழுவி, மறுபடியும் கழுவிக் கொடுத்தார்.

"எதுக்குப்பா ரெண்டு தடவ?"

"நேத்துத்தான் சார் மருந்தடிச்சோம்."

"பட்டாம்பூச்சி வருதா?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "வந்தா உங்களுக்குச் சந்தோசம் சார். எங்களுக்கு எது வந்தாலும் பயம். எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சின்னு மருந்துக்குத் தெரியாதுல்ல?"

பழம் இனிப்பாகத்தான் இருந்தது. திரும்பி வருகிற வழியில் இரு பக்கமும் வாய்க்கால்கள் காய்ந்திருந்தன. எங்கள் பாலாற்றில் தண்ணீர் இல்லாதது பழகிப்போன விஷயம், யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. இங்கே ஆட்டோவில் வந்த எல்லோரும் ஒவ்வொரு வாய்க்காலையும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிக்கந்தரின் தொலைபேசி அடித்தது. அந்த மேற்பார்வையாளர். ஓடையில் மண் வெட்டும் இயந்திரம் இறங்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

"உத்தரவு வராமல் எப்படி இறக்கலாம்?" என்று நான் எழுந்தேன். சட்டை போடும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. அஸ்திவாரத்துக்கு மண் எப்படி என்று சோதிக்கக் குழி வெட்டலாம். அதற்கு உத்தரவு தேவையில்லை.

பாலத்தருகே ஸ்கூட்டரை நிறுத்தியதும் நான் முதலில் பார்த்தது மஞ்சள் இயந்திரத்தை. அது அசையாமல் நின்றது. அதன் மேல் ஏதோ அசைந்தது. கிட்டப் போனபோது புரிந்தது. நேற்று மாலை வெட்டிய குழிகளில் இரவோடு இரவாக ஊற்று ஊறி, அள்ளிப்போட்ட மண் கறுத்துச் சேறாக இருந்தது. அந்தச் சேறு கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவும் சிறகு. வெளிர் மஞ்சளும் வெள்ளையும் மூடித் திறந்துகொண்டிருந்தன. நடுவில் நீலப்பட்டை ஓடிய கறுப்புச் சிறகுகள் நடுங்கின. இயந்திரத்தின் வாளியில், சக்கரத்தில், படியில் எல்லாம் இருந்தன.

ஓட்டுநர் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "விடிஞ்சு வந்து பார்த்தா இப்படி. வண்டிய ஸ்டார்ட் பண்ண மனசு வரல சார். மேலயெல்லாம் ஒக்காந்துருக்கு" என்றார்.

நான் சிக்கந்தரிடம் சொன்னேன். அவனுக்கு அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. மஞ்சளாக ஏதோ தெரிகிறது, அது வண்டியா பூச்சியா என்று கேட்டான்.

"புது ஆதாரம்டா!" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "இதுவரைக்கும் நீ பார்த்ததிலேயே இதுதான் அதிகம் இல்லையா?"

"நீ சொல்றதப் பார்த்தா அதிகம்தான்" என்றான். "ஏலே, இது செழிப்பு இல்ல. மேல விழுந்த சாரல் எத்தன நாளைக்குத் தாங்கும்? மலை பூரா காஞ்சு கிடக்குல்ல, இந்தக் குழிய விட்டா வேற ஈரம் இல்ல. அங்கங்க இருந்தது பூரா இங்கன வந்து விழுந்துருக்கு. ரேசன் கடையில கூட்டம் நின்னா ஊரு நல்லாருக்குன்னா அர்த்தம்?"

இதையும் மனுவில் எழுத முடியாது. பூச்சி குறைந்திருப்பதற்கு ஆதாரம் பூச்சி நிறைந்திருப்பதுதான் என்று எந்த அதிகாரிக்கு எழுதுவது?

மேற்பார்வையாளர் சிரித்த முகமாக வந்தார். உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தார். "சார், நான்தான் சொன்னேன்ல, நம்ம வேலைனால பூச்சிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. பார்த்தீகளா, குழி வெட்டினதும் வந்துருச்சு. எங்க இன்ஜினியர் போட்டோ கேக்காக. மனு குடுத்த சாரும் கூட உக்காந்திருந்தா நல்லா இருக்கும்னாக."

அந்தப் புகைப்படம் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். அடியில் என்ன எழுதுவார்கள் என்பதும் தெரியும். பணி தொடங்கிய பின் பட்டாம்பூச்சிகளின் வரத்து அதிகரித்துள்ளதை மனுதாரரே நேரில் கண்டார். அதற்கு மேல் ஒரு மேல்முறையீடும் நிற்காது.

சிக்கந்தர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன்.

"வேண்டாம்டா. அந்தப் படத்தோட ஃபைல் மூடிடும்."

"தெரியும்லே. ஃபைலு எப்படியும் மூடும். இது சாயங்காலம் இருக்காது."

என் கையை எடுத்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினான். இரண்டடி வைத்ததும் ஒரு வெள்ளைப் போர்வை எழுந்தது போல எல்லாம் கிளம்பின. அவன் அப்படியே நின்றான். பிறகு மெல்ல முட்டி போட்டு, வேர்த்த இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தான். எழுந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி இறங்கின. சேற்றில், அவன் சட்டையில், வேர்வைக்காக அவன் மணிக்கட்டில். ஒரு கறுப்புச் சிறகு அவன் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அவன் கையை ஒரு சாணளவு முகத்தருகே கொண்டுபோனான். அங்கே அவனுக்குக் கண் தெரியும்.

மேற்பார்வையாளர் கைப்பேசியைத் தூக்கி, ஓர் அடி பின்னால் போய், இன்னும் ஓர் அடி போனார். நான் குறுக்கே நின்றிருக்கலாம். படம் கெட்டிருக்கும். நான் ஒதுங்கிக் கொடுத்தேன்.

"கைய அசைச்சிராதீக சார்."

"அசைப்பேனாப்பா" என்றான் சிக்கந்தர், மூச்சு விடாமல்.